முதல் பீரியடுக்கு எட்டுப் பேர்

எங்கள் கல்லூரியில் அப்போது முதல்வரைச் சேர்க்காமல் இருபத்திரண்டு ஆசிரியர்கள் இருந்தோம். மாணவர்கள் ஏறக்குறைய ஐந்நூறு பேர். ஓர் ஆசிரியருக்கு இருபத்து மூன்று மாணவர் என்று கோப்பில் எழுதிவைத்திருந்தேன். அந்தக் கோப்பு என் பொறுப்பு. நான் நடத்துவது பொருளாதாரம். ஆனால் வீடு குன்னூரிலேயே, கல்லூரிக்கு நடந்து வரும் தூரத்தில் இருக்கிறது. எதையும் அன்றைக்கே எழுதிவைக்கும் பழக்கமும் உண்டு. அதனால் ஆய்வு, அறிக்கை என்று எது வந்தாலும் என் மேசைக்குத்தான் வரும்.

கோப்பில் இருந்த கணக்கு பொய்யில்லை. ஆனால் அது இரண்டாம் பீரியடிலிருந்துதான் உண்மை. இருபத்திரண்டு பேரில் பதினான்கு பேர் மலைக்குக் கீழே மேட்டுப்பாளையம், காரமடைப் பக்கத்திலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவர்கள். மழை, மூடுபனி, குறுக்கே நிற்கும் யானை, சுற்றுலா வண்டிகளின் வரிசை என்று ஏதாவது ஒன்று அவர்களை வழியில் பிடித்துக்கொள்ளும். ஆகவே கால அட்டவணை போடும்போதே முதல் பீரியடை மலையில் குடியிருக்கும் எட்டுப் பேருக்கு மட்டும் கொடுத்துவிடுவோம். எட்டுப் பேர் ஐந்நூறு பேரை எப்படிச் சமாளிப்பது? ஒவ்வொரு பாடத்துக்கும் மூன்று வருடத்துப் பிள்ளைகளையும் ஒரே ஹாலில் உட்காரவைப்போம். மூன்றாம் வருடத்துப் பிள்ளை பக்கத்தில் முதல் வருடத்துப் பிள்ளை உட்கார வேண்டும். எழுதாத சட்டம் இது. இதற்குக் கோப்பில் இடம் கிடையாது.

ஆசிரியர் அறையிலும் இரண்டு கட்சிகள் உண்டு. கீழே இருந்து வருகிறவர்கள் ஸ்வெட்டரைப் பாதி மலையில், பர்லியாரில் போட்டுக்கொண்டு வருவார்கள். சாயங்காலம் அடிவாரத்துக் கல்லாற்றில் கழற்றுவார்கள். முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் அவர்கள் பையில் மேலே வரும். எங்கள் பக்கத்திலிருந்து கேரட்டும் பீட்ரூட்டும் கீழே போகும். கோத்தகிரிப் பக்கத்துப் படகர் இனத்தவர் இரண்டு பேர், வெலிங்டன் தேவாலயத்தைச் சேர்ந்த ஆங்கில ஆசிரியை, நான் என்று மலைக்கட்சி எண்ணிக்கையில் சின்னது. ஆனால் வாய் பெரிது. "ஏனுங்க, சமவெளிக்காரங்க வந்தாச்சுங்களா? இனிமே காலேஜைத் தொறந்துடலாங்களா?" என்று அவர்கள் படியேறும்போதே ஒரு குரல் கேட்கும். "தொறங்க, தொறங்க. எட்டுப் பேரு தூங்குனது போதும்" என்று பதில் வரும்.

எட்டுப் பேரில் கடைசியாக வந்து சேர்ந்தவள் கணித ஆசிரியை. கூடலூர்க்காரி. முப்பது வயதிருக்கும். அவள் கணவர் அங்கே மிளகு வியாபாரம் செய்கிறார். நான்கு வயதில் ஒரு மகள். வேலை தற்காலிகம் என்பதால் குடும்பத்தைக் குன்னூருக்குக் கொண்டுவர அவளுக்குத் தைரியம் இல்லை. திங்கள் முதல் வெள்ளி வரை எங்கள் பெண்கள் விடுதியில் ஓர் அறையில் இருப்பாள். வெள்ளி சாயங்காலம் ஊட்டி பஸ் பிடித்து, அங்கிருந்து கூடலூர் பஸ் மாறி ஊருக்குப் போவாள். திங்கள் காலை இருட்டோடு கிளம்பி வருவாள். "பாப்பாவுக்கு நான் வாரத்துல ரெண்டு நாள் அம்மா, அஞ்சு நாள் போன்" என்பாள். சொல்லிவிட்டுச் சிரிப்பாள். அந்தச் சிரிப்பைக் கேட்டால் எங்களுக்குச் சிரிப்பு வராது.

அந்த வருடம் கணிதத்தில் எம்.எஸ்ஸி. தொடங்க விண்ணப்பித்திருந்தோம். அதற்கு நான்கு முழுநேர ஆசிரியர்கள் வேண்டும். நிரந்தரமாக இருந்தவர்கள் மூன்று பேர்; மூவருமே கீழே இருந்து வருகிறவர்கள். நான்காவது ஆள் அவள்தான். அனுமதி கிடைத்தால் அவள் பணியிடத்தை நிரந்தரமாக்குவதாக நிர்வாகம் சொல்லியிருந்தது. கிடைக்காவிட்டால் நான்காவது இடமே தேவையில்லை, வருடக் கடைசியோடு அவள் போகலாம். ஆக, பல்கலைக்கழகத்திலிருந்து வரும் ஆய்வுக் குழு நான்கு பேரையும் நேரில் பார்த்துத் தலையசைக்க வேண்டும். அப்படி அசைத்தால் அவளும் மகளும் ஒரே கூரைக்குக் கீழே வருவார்கள். கல்லூரியில் பியூன் வரைக்கும் இது தெரியும்.

குழு வரும் நாள் ஆடி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை என்று முடிவானது. ஆடி என்றதும் முதல்வருக்குக் கூடலூர்ப் பாதையை நினைத்துத்தான் பயம். அந்தப் பக்கம் மழை கொட்டும். "மேடம், நீங்க ஞாயித்துக்கிழமையே வந்துருங்க. ரிஸ்க் எடுக்காதீங்க" என்று அவளிடம் பத்துத் தரம் சொன்னார். கீழே இருக்கும் பதினான்கு பேரைப் பற்றி அவருக்கு வேறு யோசனை. வழக்கமாக அவர்கள் மூன்று பஸ்களில் பிரிந்து வருவார்கள். ஒன்று நின்றாலும் இன்னொன்று வந்துவிடும். முதல் பஸ்ஸில் நான்கைந்து பேர் எப்படியும் ஏறிவிடுவார்கள். "குழு வர்ற அன்னிக்கு ஒவ்வொருத்தரா வேர்த்து விறுவிறுத்து வந்தா நல்லாவா இருக்கும்? எல்லாரும் ஒண்ணா, நீட்டா வரணும்" என்று சொல்லி, கல்லூரி வேனை ஞாயிறு மாலையே மேட்டுப்பாளையத்துக்கு அனுப்பிவைத்தார். முதல் பஸ் கிளம்பும் நேரத்தில் யாரும் பஸ் ஏறக் கூடாது, வேனுக்குக் காத்திருக்க வேண்டும் என்று வாட்ஸப்பில் உத்தரவும் போட்டார்.

குழுவில் இரண்டு பேர். தலைவி மதுரைப் பக்கத்து ஓய்வுபெற்ற பேராசிரியை. ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல். உறுப்பினர் நடுவயதுக்காரர், மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டே இருந்தார். இருவரும் மேட்டுப்பாளையத்தில் தங்கியிருந்தார்கள். அவர்களை அழைத்துவரக் காரோடு போனவள் நான்.

கல்லாறு தாண்டி மூன்றாவது வளைவிலேயே உறுப்பினர் கணினியை என்னிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். தலைவி, "சார், எலுமிச்சம்பழம் மோந்து பாருங்க. கீழ குனிஞ்சு பாக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் பள்ளத்தாக்கை ரசித்துக்கொண்டு வந்தார். பர்லியாரில் வண்டிகள் வரிசையாக நின்றன. மேலே, வளைவுக்கு அப்பால், ஒரு பெரிய மரம் சாலையின் குறுக்கே விழுந்திருக்கிறதாம். நெடுஞ்சாலைக்காரர்கள் அறுக்கும் இயந்திரத்தோடு வந்துகொண்டிருக்கிறார்களாம்.

காரிலிருந்து இறங்கியதும் முதலில் என் கண்ணில் பட்டது எங்கள் வேன். பழக்கடைகளுக்கு எதிரே ஓரமாக நின்றது. பக்கத்தில் பதினான்கு ஆசிரியர்கள். முதல்வர் விரும்பியபடி ஒன்றாகத்தான் இருந்தார்கள். ஆனால் மங்குஸ்தான் தின்றுகொண்டிருந்தார்கள். இயற்பியல் ஆசிரியர் ஒரு பலாப்பழத்தையே பிளந்து வைத்து எல்லோருக்கும் சுளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். முழங்கை வரை சட்டையை மடித்துவிட்டிருந்தார்.

நான் தலைவியின் பார்வையை மறைக்கிற மாதிரி நகர்ந்து நின்றேன். அவர் என்னைவிட உயரம்.

"ஏம்மா, அந்த வேன்ல உங்க காலேஜ் பேரு போட்டிருக்கே. உங்க ஆளுகளா அவுக?"

"ஆமாங்க மேடம்."

"எத்தன பேரு?"

"பதினாலு பேர்ங்க."

"மொத்தம் இருபத்திரண்டுன்னு ஃபைல்ல பாத்தேன். அப்ப மேல எட்டுப் பேரு." அவர் விரலை மடக்கினார். "அந்த எட்டுல நீங்களும் ஒருத்தரா?"

"ஆமாங்க."

"நீங்க இங்க நிக்கிறீங்க. ஏழு. கணக்குல நாலாவது ஆளுன்னு ஒரு பொண்ணு பேரு இருந்துச்சே, அது எங்க?"

"கூடலூர்ல இருந்து இன்னைக்குக் காலைல வரணுங்க. நேத்தே வரச் சொன்னோம். வரலைங்க."

"அந்தப் பக்கம் மழை இதுக்கு மேலல்ல இருக்கும்? அப்ப ஆறு." ஒரு மங்குஸ்தானை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து அழுத்தி உடைத்தார். "ஐந்நூறு பிள்ளைக, ஆறு வாத்தியாரு. ஒருத்தருக்கு எம்பத்து மூணு. நீங்க எழுதியிருக்கது இருபத்து மூணு. ஒரு மரம் விழுந்ததுக்கே அறுபது கூடிப்போச்சே தாயி!"

அவருக்குக் கோபம் இல்லை. "சரி, உக்காந்து என்ன செய்ய? இங்கனயே ஆளப் பாத்துருவோம்" என்று சொல்லி, உறுப்பினரிடம் வருகைத் தாளை எடுக்கச் சொன்னார். வேனின் முன் இருக்கை அலுவலகமானது. ஒவ்வொருவராக வந்து, எந்தப் பாடம், எத்தனை வருடம் என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்கள். வரிசையைப் பார்த்துவிட்டு ஒரு லாரி ஓட்டுநர் வந்து, "இங்க என்னங்க குடுக்கறாங்க?" என்று கேட்டார். எங்கள் வேன் ஓட்டுநர், "மார்க்கு குடுக்கறாங்கண்ணா, உனக்கு வேணுமா?" என்றார்.

எல்லாம் இயற்பியல் ஆசிரியர் வரும் வரை நன்றாகத்தான் நடந்தது. அவர் விரல்களில் பலாப்பிசின். பேனாவை வாங்கினார், எழுதினார், திருப்பிக் கொடுக்க முடியவில்லை. பேனாவோடு தாளும் ஒட்டிக்கொண்டு மேலே எழும்பியது. உறுப்பினர் பதறி ஒரு பக்கமாக இழுத்தார். "இழுக்காதீங்க சார், கிழிஞ்சுரும்!" என்று தலைவி கத்தினார். பழக்கடை அம்மா தேங்காயெண்ணெய்க் கிண்ணத்தோடு ஓடிவந்து, "ஏனுங்க வாத்தியாரே, பழத்துக்கு முன்னாலயே எண்ணெ தடவோணும்னு உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார். தலைவி வேனின் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மலையேறத் தொடங்கியதிலிருந்து முதல் தடவையாக உறுப்பினரின் முகத்திலும் நிறம் வந்தது.

ஆனால் நான் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை கூடலூர்க்காரியின் எண்ணை அழுத்திக்கொண்டிருந்தேன். மணி அடிக்கும், எடுக்க ஆளில்லை. ஒரு தடவை யாரோ எடுத்தார்கள், ஒரு குழந்தையின் மூச்சு மட்டும் கேட்டது, அப்புறம் நின்றுவிட்டது. அப்படியானால் அவள் இன்னும் வீட்டில்தான் இருக்கிறாளா? முதல்வர் வேறு அழைத்து, "வந்துட்டாங்களா? எங்க இருக்கீங்க? கூடலூர் மேடத்தப் பத்தி எதாவது தெரியுமா?" என்று மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டார்.

தலைவி இதையெல்லாம் கவனித்திருக்கிறார். கார் மறுபடி நகரத் தொடங்கியதும் தணிந்த குரலில் சொன்னார்: "தப்பா நெனைக்காதீங்கம்மா. ஆய்வு அன்னிக்கு மட்டும் வந்து உக்காந்துட்டுப் போற வாத்திமாரை நெறையப் பாத்துட்டேன். ஒருத்தருக்குக் கரும்பலகை எந்தப் பக்கம்னே தெரியல. அந்தப் பொண்ணு ஆபீஸ்ல வந்து கையெழுத்துப் போட்டாப் பத்தாது. வகுப்புல பாக்கணும். இன்னைக்கு இல்லைன்னா, இல்லைன்னுதான் எழுதுவேன்."

"பாப்பீங்க மேடம்" என்றேன். எந்த நம்பிக்கையில் சொன்னேன் என்று எனக்கே தெரியவில்லை.

கல்லூரிக்குப் போய்ச் சேரும்போது மூன்றாம் பீரியட் நடந்துகொண்டிருந்தது. முதல்வர் போர்ட்டிகோவில் சால்வையோடு நின்றிருந்தார். காலையிலிருந்து அங்கேயேதான் நின்றாராம். கார் எந்த நிமிடமும் வரலாம் என்று. சால்வையின் ஓரம் சாரலில் நனைந்திருந்தது. தலைவிக்கு வணக்கம் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கினார். "கூடலூர் மேடம் வரலைங்க."

தலைவிக்கு அது கேட்டுவிட்டது. தலையைச் சாய்த்து எதையோ கவனித்தார்.

"அப்ப அங்க கணக்கு நடத்துறது யாரு?"

செமினார் ஹாலிலிருந்து ஒரு பெண்குரல் வந்துகொண்டிருந்தது. கூடவே நூறு பேர் சேர்ந்து பதில் சொல்லும் ஓசை. முதல்வர் என்னைப் பார்த்தார். நான் ஓடவில்லை என்று சொல்ல முடியாது.

அவள்தான். புடவையின் கீழ்ப்பாதி நனைந்து காலோடு ஒட்டியிருந்தது. மேலே விடுதிக் காவலாளியின் காக்கி ஸ்வெட்டர். கையில் சாக்பீஸ். கணிதத்தின் மூன்று வருடமும் உட்கார்ந்திருந்தது. போதாததற்கு வேனில் மாட்டிக்கொண்ட ஆசிரியர்களின் காமர்ஸ் பிள்ளைகளும் இருந்தார்கள். பலகையில் வரிசையாகப் பெட்டிகள் வரைந்திருந்தாள். ஒரு தேயிலை ஃபாக்டரிக்கு மூன்று எஸ்டேட் டிவிஷனிலிருந்து இலை வருகிறது, இரண்டே லாரி, எந்த லாரியை எங்கே அனுப்பினால் இலை வாடாமல் வரும் என்று கேள்வி. காமர்ஸ் பிள்ளைகள் செலவைக் கணக்குப் போட வேண்டும். கணிதப் பிள்ளைகள் வழியைக் கண்டுபிடிக்க வேண்டும். பாதிப் பிள்ளைகளின் வீட்டில் யாராவது எஸ்டேட்டில் இருப்பார்கள். ஆளாளுக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "மிஸ், அந்த ரோட்ல லாரி ஏறாது மிஸ்!" என்று ஒருத்தி எழுந்து நின்றாள். "ஏறாதுன்னா அதையும் சமன்பாட்டுல எழுது" என்றாள் இவள்.

தலைவி செருப்பொலி கேட்காமல் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். உறுப்பினரும் உட்கார்ந்தார். சிறிது நேரத்தில் அவர் கணினியை மூடிவிட்டு, பக்கத்துப் பையனின் நோட்டில் லாரிக்கு வழி தேடத் தொடங்கிவிட்டார்.

மணி அடித்ததும் தலைவி பக்கத்தில் இருந்த காமர்ஸ் மாணவியிடம் கேட்டார்: "இவங்க உங்க மிஸ்ஸா?"

"இல்லைங்க. எங்க மிஸ் கீழ இருந்து வரோணும். அவங்க லேட்டாயிட்டா இவங்கதாங்க எடுப்பாங்க."

"அடிக்கடி லேட்டாகுமோ?"

"மழைன்னா ஆகுங்க. யானைன்னா ஆகுங்க. முதல் பீரியட்னா எப்பவுமே எட்டுப் பேர்தாங்க."

முதல்வர் கண்ணை மூடிக்கொண்டார். எங்கள் எழுதாத சட்டம் முழுவதையும் அந்தப் பெண் மூன்றே வாக்கியத்தில் சொல்லி முடித்துவிட்டாள்.

தலைவி மேடைப் பக்கம் போனார். கூடலூர்க்காரி அப்போதுதான் எங்களைப் பார்த்தாள். பயத்தில் ஸ்வெட்டரைக் கழற்றப் பார்த்தாள். தலைவி, "போட்டுக்கம்மா, நடுங்குற. நேத்தே ஏன் வரல?" என்றார்.

"பாப்பா விடலைங்க மேடம். கெட்டிப் பிடிச்சிட்டே தூங்கிருச்சு. காலைல முதல் பஸ்ஸுக்குக் கிளம்பறப்போ போனைக் காணோம். அம்மா போகக் கூடாதுன்னு எங்கயோ ஒளிச்சு வெச்சிருக்கா. தேடினா பஸ் போயிரும்னு அப்படியே வந்துட்டேன். இறங்கினதும் முதல் பீரியட் மணி அடிச்சுது. பின்வாசல் வழியா நேரா இங்க வந்துட்டேன்." என்னைப் பார்த்தாள். "ஆபீஸ்ல சொல்லியிருக்கணும். மறந்தே போச்சுங்க."

"வழியில மழை இல்லையா?"

"நல்ல மழைங்க. பஸ்ஸும் அழுதுட்டேதான் ஏறுச்சு. ஆனா வந்துருச்சு."

மதியம் ஆசிரியர் அறையில் சாப்பிட்டோம். பதினான்கு பேரும் அதற்குள் வந்திருந்தார்கள். இயற்பியல் ஆசிரியரின் கையில் தேங்காயெண்ணெய் வாசம். சாப்பிட்டு முடித்ததும் தலைவி என்னைக் கூப்பிட்டு, முதல் பீரியடில் எத்தனை ஆசிரியர், எத்தனை மாணவர் என்று தனித் தாளில் எழுதித் தரச் சொன்னார். முதல்வர் தொண்டையைச் செருமினார். நான் எழுதிக் கொடுத்தேன். எட்டு, ஐந்நூறு. அந்த ஒரு வரியை எழுதியபோது எனக்கு என்னவோ மனசு லேசாகிவிட்டது.

அறிக்கை இரண்டு மாதத்தில் வந்தது. எம்.எஸ்ஸி.க்கு அனுமதி. ஒரு நிபந்தனை: சேர்க்கை தொடங்கும் முன் கணிதத்தின் நான்காவது பணியிடம் நிரந்தரமாக்கப்பட வேண்டும், அதில் இருப்பவர் மலையிலேயே குடியிருக்க வேண்டும். முதல்வர் அதை ஆசிரியர் அறையில் உரக்கப் படித்தார். "குடியிருக்க வேண்டும்" என்ற இடத்தில் மலைக்கட்சி மேசையைத் தட்டியது. கீழ்க்கட்சி ஒருபடி மேலே போய், அன்றைக்கே அவளுக்கு வீடு தேடக் கிளம்பிவிட்டது. மேட்டுப்பாளையத்துக்காரர்கள் குன்னூரில் வீடு தேடியதை அன்றுதான் பார்த்தேன். மூன்று வீட்டில் தண்ணீர் வராது என்றார்கள். ஒன்றில் வெயில் வராது என்றார்கள்.

கடைசியில் வெலிங்டன் போகும் சாலையில் ஒரு வீடு அமைந்தது. வீட்டுக்கார அம்மா எங்களை வாசலிலேயே நிறுத்தி விசாரித்தார். "டீச்சர்ங்களா? இத்தனை பேரும் டீச்சர்ங்களா? எல்லாரும் குடிவரப் போறீங்களா?"

"இல்லைங்கம்மா, இவங்க மட்டும். நாங்க சும்மா கூட்டத்துக்கு" என்றார் இயற்பியல் ஆசிரியர்.

அடுத்த ஞாயிறு அவள் கணவர் ஜீப்பில் சாமான்களோடு வந்தார். ஜீப்பைத் திறந்ததும் தெருவே மிளகு மணத்தது. குழந்தை இறங்கி ஒவ்வோர் அறையாக ஓடிப்போய், "இது யாருது? இது யாருது?" என்று கேட்டுவிட்டு வந்தாள். எல்லாவற்றுக்கும் "நம்முது" என்று பதில் வந்ததில் அவளுக்குச் சந்தேகம்.

மறுநாள் திங்கள். கல்லூரிக்குப் போகும் வழியில் அவளைக் கூப்பிட நான் போயிருந்தேன். குழந்தை வாசற்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அழுகையைத் தயாராக வைத்திருந்தாள்.

"அம்மா நாலு மணிக்கு வந்துருவேன்" என்றாள் இவள்.

"வெள்ளிக்கிழமை நாலு மணிக்கா?"

"இன்னைக்கு நாலு மணிக்கு."

குழந்தை நம்பவில்லை. அப்பாவைப் பார்த்தாள், அவரும் தலையாட்டினார். அவரையும் நம்பவில்லை. நாங்கள் திருப்பத்தில் மறையும் வரை அழுகைக்குரல் கேட்டது. அன்று முழுவதும் இவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். "பேடியா இருக்குக்கா, பயமா இருக்கு. அழுதழுது காய்ச்சல் வந்துருமோ என்னமோ" என்று மலையாளமும் தமிழும் கலந்து என்னிடம் சொன்னாள். மணி அடித்ததும் பையை எடுத்துக்கொண்டு பாதி ஓட்டமாகக் கிளம்பினாள். எனக்கும் மூச்சிரைத்தது.

வீட்டு முற்றத்தில் குழந்தையும் வீட்டுக்கார அம்மாவின் பேத்தியும் தேயிலை இலைகளைப் பறித்துக் கூறு கட்டி வைத்துக் கடை போட்டிருந்தார்கள். வியாபாரம் மும்முரமாக நடந்துகொண்டிருந்தது. இவள் கேட்டைத் திறந்துகொண்டு கையை நீட்டியபடி போனாள்.

குழந்தை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் எரிச்சல்.

"அதுக்குள்ள எதுக்கும்மா வந்தே? இன்னும் கடை சாத்தலையே!"

இவள் அப்படியே முற்றத்து ஈரத்தில் உட்கார்ந்து, சிரித்துச் சிரித்து, கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு கூறு இலை என்ன விலை என்று கேட்டாள்.